தஞ்சாவூர் ஓவியத்தை என்எஃப்டி ஆக்குவது எப்படி: வெளிச்சமும் காகிதமும்தான் முக்கால்வாசி வேலை

பெரியப்பா நாற்பது வருடமாகத் தஞ்சாவூர்ப் படம் எழுதுகிறார். பலகையில் துணி ஒட்டுவதிலிருந்து சாமிக்குக் கண் திறப்பது வரைக்கும் எல்லாம் அவர் கைதான். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஆள், பிரஷ் பிடிக்கத் தெரியாது. 2021 மார்ச்சில் பீப்பிள் என்கிற அமெரிக்கக் கலைஞரின் டிஜிட்டல் படம் ஒன்று என்எஃப்டி என்கிற டோக்கனாகக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்கு மேல் போனது இல்லையா, அந்தச் செய்தி வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "உங்க படத்தையும் அதுல போடலாமே" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். போட்டோம். முதல் இரண்டு தடவை நன்றாகச் சொதப்பினோம். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 2021 விலையெல்லாம் இப்போது கிடையாது. மளமளவென்று ஏறிய சந்தை அதே வேகத்தில் படுத்துவிட்டது. இதில் இறங்கினால் கடன் அடையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கைவினைக் கண்காட்சியில் ஸ்டால் போட எவ்வளவு செலவழிப்பீர்களோ அதற்கு மேல் ஒரு ரூபாய் போடாதீர்கள்.

அப்புறம் இந்த டோக்கன் என்றால் என்ன என்று பெரியப்பாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை. கடைசியில் வில்லங்கச் சான்றிதழைச் சொன்னதும்தான் பிடித்துக்கொண்டார். மனை வேறு, வில்லங்கச் சான்றிதழ் வேறு. யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் கைமாறியது என்பதை மட்டும் அது சொல்லும். டோக்கனும் அப்படித்தான். பிளாக்செயின் என்பது எல்லோரும் பார்க்கக்கூடிய, யாரும் அழித்து எழுத முடியாத ஒரு பதிவேடு. அதில் உங்கள் படத்தைச் சுட்டுகிற ஒரு வரிதான் டோக்கன். முதலில் பதிந்தவருக்கு உண்மையிலேயே அந்தப் படம் சொந்தமா என்று பதிவேடு கேட்காது. உங்கள் படத்தை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து இன்னொருத்தன் பதிந்தாலும் பதிந்ததுதான்.

அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை முடித்துவிடுங்கள். படம் யாருடையது?

படத்தை எழுதியவருக்கே பதிப்புரிமை என்பதுதான் பொது விதி, அவர் காலத்துக்குப் பின்னும் 60 வருடம் வாரிசுகளுக்கு இருக்கும். பலகையை விற்றாலும் பதிப்புரிமை அதோடு போவதில்லை, தனியாக எழுத்தில் கொடுத்தால்தான் போகும். ஆனால் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, பல ஓவியர்களுக்கு அது தெரியாது. ஒருவர் பணம் கொடுத்து "எனக்கு இந்த மாதிரி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு எழுதிய படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை ஆர்டர் கொடுத்தவருக்குப் போய்விடுகிறது. தஞ்சாவூர்ப் படத்தில் பாதிக்கு மேல் ஆர்டர் வேலைதானே! கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு என்று கொடுத்ததை எல்லாம் ஆல்பத்தில் போட்டோ இருக்கிறதே என்று டோக்கன் ஆக்கப் போனால் வம்பு. நாங்கள் பெரியப்பா தானாக எழுதி வீட்டில் வைத்திருந்த ஆறு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போதெல்லாம் ஆர்டர் ரசீதிலேயே "பதிப்புரிமை ஓவியரிடம் இருக்கும்" என்று ஒரு வரி அச்சடித்து, வாங்குபவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம்.

வெண்ணெய்த் தாழியோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணர், ராமர் பட்டாபிஷேகம் போன்ற வடிவங்கள் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, சரபோஜி காலத்துக்கு முன்னாலிருந்தே எழுதி வருகிறார்கள். உங்கள் கை எழுதிய அந்தப் படத்துக்குத்தான் உரிமை. தாத்தா காலத்துப் பழைய படம் வீட்டில் இருந்தால், அது நூறு வருடத்தைத் தாண்டியதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், பலகையை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அப்படிப்பட்டதை "டோக்கன் வாங்கினால் படமும் வரும்" என்று போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, தஞ்சாவூர் ஓவியம் என்பது 2007-08-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். ஃபேப்ரிக் பெயின்ட்டும் ஜிகினாத் தாளும் வைத்துச் செய்ததற்கு அந்தப் பெயரை வைப்பது சரியில்லை.

சரி, இப்போது படம் எடுப்பது. இதில்தான் எங்களுக்கு ஒரு மாதம் போனது.

முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம், ஒரு சின்னப் படத்தை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் ஸ்கேனரில் கவிழ்த்து வைத்தது. கிருஷ்ணரின் கிரீடம், ஒட்டியாணம், தூண், வளைவு எல்லாம் காய்ந்த சேறு மாதிரி பழுப்பாக வந்தது. போதாக்குறைக்கு மக்கு வைத்துத் தூக்கின வேலைப்பாடு கண்ணாடியில் அழுந்தி ஒரு கெம்புக் கல் பிடிப்பு விட்டுவிட்டது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பசையை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லை மறுபடி பதிக்க உட்கார்ந்துவிட்டார், அது திட்டினதைவிட மோசம்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், தங்க ரேக்குக்கு மற்ற வண்ணங்களைப் போலத் தனி நிறம் என்று ஒன்று கேமராவுக்குத் தெரிவதில்லை. அது கண்ணாடி மாதிரி, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரே இருட்டு இருந்தால் தங்கமும் இருட்டு. ஸ்கேனரில் விளக்கு சாய்வாக விழுந்து வெளிச்சம் வேறு பக்கம் தெறித்துப் போய்விடுகிறது, சென்சாருக்கு மிஞ்சுவது பழுப்புதான். ஓவியங்களைப் படம் எடுப்பவர்கள் பளபளப்பை அடக்க விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் போடச் சொல்வார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு அது அருமை, நம் படத்தில் தங்கத்தை அடியோடு கொன்றுவிடும்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. படத்தைச் சட்டத்திலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் வெளியே எடுத்துச் சுவரில் நேராக நிறுத்தினோம் (சட்டம் போடுகிறவரையே கூப்பிட்டுக் கழற்றுங்கள், ஆணி பலகையைக் கீறும்). படத்தின் நடுவில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாகப் பிடித்து, கேமராவில் பார்த்தால் லென்ஸின் உருவம் அந்தக் கண்ணாடியின் நடுவில் தெரிகிற மாதிரி ஸ்டாண்டை நகர்த்தினோம். அப்படித் தெரிந்தால் கேமரா படத்துக்குச் சரியாக நேர் எதிரே இருக்கிறது என்று அர்த்தம், ஓரம் கோணலாக வராது. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு எல்இடி விளக்கு. சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற எண்) 95-க்கு மேல் என்று போட்டிருக்கும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண டியூப்லைட்டில் அந்தச் சிவப்பும் பச்சையும் செத்துப்போகும். கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு வினாடி டைமர். முதல் ஷாட்டில் ஓரமாக ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துவிட்டால் அப்புறம் நிறத்தைச் சரிசெய்யக் கைப்பிடி கிடைக்கும்.

இது வண்ணத்துக்கான படம். தங்கத்துக்கு இன்னொரு படம் வேண்டும், அதற்குப் பெரியப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து நடுவில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு முன்னால் கொடியில் தொங்கவிட்டு, விளக்கு இரண்டையும் படத்தைப் பார்க்காமல் வேட்டியைப் பார்த்துத் திருப்பினோம். வேட்டி முழுக்க வெள்ளையாக ஒளிர்ந்தது, அதை அப்படியே ரேக்கு வாங்கிக்கொண்டு திருப்பிக் காட்டியது. சேறு மாதிரி இருந்த கிரீடம் பொன்னாக எழுந்து வந்ததைப் பார்த்துப் பெரியப்பா "இப்பதான் இது என் படம்" என்றார். இரண்டு ஷாட்டையும் கேமரா அசையாமல் எடுத்திருந்தால் ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தங்கம் இருக்கிற இடத்தை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொறுமை வேண்டும், ஒரு படத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

கேமரா இல்லையா, ஃபோனிலும் முடியும். மேகமூட்டமான காலையில் முற்றத்தில் அல்லது மொட்டை மாடியில் படத்தை நிறுத்துங்கள், வெள்ளை வானமே பெரிய வேட்டி. ஃபோனை நெருக்கிப் பிடிக்காமல் நாலடி தள்ளி நின்று 2 எக்ஸ் லென்ஸில், ரா முறையில் (ஃபோன் மெருகேற்றாத அசல் கோப்பு) எடுங்கள். அழகுபடுத்துகிற வேலையெல்லாம் ஃபோன் தானாகச் செய்ய விடாதீர்கள், சாமி முகத்தை மெழுகு மாதிரி வழித்துவிடும்.

அளவு எவ்வளவு என்று கேட்பார்கள். 15-க்கு 12 அங்குலப் படத்தை 24 மெகாபிக்சல் கேமராவில் திரை நிறைய எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் கிடைக்கும், அது அச்சுக்கே போதும். அந்த முழு அளவு டிஃப் கோப்பை வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனுக்கு அதைக் கொடுக்காதீர்கள். 3000 புள்ளி அகலத்தில் ஒரு ஜேபெக் தாராளம்.

அதோடு ஒரு வீடியோவும் எடுங்கள், என் கணக்கில் அதுதான் உண்மையான சரக்கு. கேமரா அசையாமல் இருக்கட்டும், அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு டார்ச்சை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள், பன்னிரண்டு வினாடி போதும். தங்கம் ஒரு பக்கம் அணைந்து மறுபக்கம் எரியும், கற்கள் ஒவ்வொன்றாக மினுக்கும். தீபாராதனை காட்டும்போது பூஜை அறையில் கண்ணுக்குத் தெரிவது இதுதானே. ஒற்றை போட்டோவில் இது வரவே வராது. நாங்கள் டோக்கன் ஆக்கியது இந்த வீடியோவைத்தான், போட்டோவை முகப்புப் படமாக வைத்தோம். கண், கல், பலகையின் பின்புறம், கையெழுத்து ஆகியவற்றை நெருக்கத்தில் தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

பின்புறம் ஏன் என்றால், ஒரே நவநீத கிருஷ்ணரை ஓவியர் இருபது தடவை எழுதியிருப்பார். எந்தக் கிருஷ்ணர் இந்த டோக்கனுக்கு உரியவர் என்று பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால் பதில் வேண்டும். பலகையின் பின்னால் ஒரு எண், கையெழுத்து, தேதி எழுதுங்கள். டோக்கன் உருவான பிறகு அதன் எண்ணையும் அங்கேயே பென்சிலில் எழுதிவிடுங்கள்.

அடுத்து விவரக் குறிப்பு. மெட்டாடேட்டா என்று பெரிய பெயர், ஆனால் படத்தோடு போகிற சீட்டு அவ்வளவுதான். எங்களுடையது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "நவநீத கிருஷ்ணர். 15 × 12 அங்குலம். பிளைவுட் பலகை, காடாத் துணி, மக்கு வேலைப்பாடு, 22 கேரட் தங்க ரேக்கு, ஜெய்ப்பூர் கற்கள். பலகை எண் 14. இந்த டோக்கன் டிஜிட்டல் பதிவுக்கு மட்டும், பலகை இதோடு வராது. வாங்கியவர் தன் திரையில் காட்டலாம், அச்சடித்து விற்கக் கூடாது. பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்." இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டோம். பிளைவுட்டைப் பலாப்பலகை என்று எழுதாதீர்கள். ரேக்கு வாங்கின பில்லையும் படம் எடுத்து வையுங்கள். டிஃப் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்து இதே குறிப்பில் சேர்த்தால் இன்னும் நல்லது, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் மூலக் கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது என்று காட்ட முடியும்.

பலகையும் சேர்ந்து போகுமா போகாதா என்பதை மழுப்பாமல் முடிவு செய்யுங்கள். டேமியன் ஹர்ஸ்ட் என்கிற பிரிட்டிஷ் கலைஞர் கையால் புள்ளி வைத்த 10,000 தாள்களை டோக்கனாக விற்று, டோக்கன் வேண்டுமா தாள் வேண்டுமா, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார். 5,149 டோக்கன்களுக்குத் தாள் கேட்டார்கள், 4,851 டோக்கனாகவே நின்றுவிட்டது. டோக்கனை வைத்துக்கொண்டவர்களின் தாள்களை 2022-இல் லண்டனில் எரித்தார். இந்த யோசனையைப் பெரியப்பாவிடம் விளையாட்டாகச் சொன்னேன். "கண் திறந்த சாமியை எரிக்கிறதா" என்று எழுந்தே போய்விட்டார். அது நமக்கு ஆகாது. டோக்கன் தனி, பலகை தனி என்று விற்பதுதான் சுலபம்.

இனி கம்ப்யூட்டர் வேலை, இது பத்து நிமிடம்தான். மெட்டாமாஸ்க் மாதிரி ஒரு வாலட் (டோக்கனையும் கிரிப்டோவையும் வைக்கும் டிஜிட்டல் பர்ஸ்) போடுங்கள். அது 12 சொற்கள் கொடுக்கும். காகிதத்தில் எழுதுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே கூட அனுப்பிக்கொள்ளாதீர்கள். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், தொலைந்தால் எந்த பேங்க் மேனேஜரும் திருப்பித் தர மாட்டார். செலவுக்கான கிரிப்டோவை, அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சில் பான் கொடுத்து வாங்குங்கள்.

எந்தப் பிளாக்செயினில் போடுவது? எத்தீரியத்துக்கு மதிப்பு அதிகம், ஆனால் நெரிசல் நேரத்தில் கேஸ் கட்டணம் (பதிவேட்டில் எழுதுவதற்குக் கட்டுவது) ஏறும். பாலிகான், டெசோஸ் இரண்டிலும் கட்டணம் மிகக் குறைவு, பழகிக்கொள்ள அங்கே ஆரம்பிக்கலாம். கரண்ட் நிறையச் செலவாகுமே என்று யோசிப்பவர்களுக்கு, எத்தீரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியதில் அந்தச் செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. எத்தீரியம், பாலிகான் இரண்டிலும் டோக்கனில் வகை உண்டு: ஒரே ஒரு பிரதி என்றால் இஆர்சி-721, பத்து பிரதி போட்டால் இஆர்சி-1155. முடிந்தால் மேனிஃபோல்ட் போன்ற சேவையில் ஓவியரின் பெயரிலேயே தனி கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் டோக்கனை உருவாக்கும் நிரல்) போட்டு, அதில் மின்ட் செய்துவிட்டு, அதாவது டோக்கனை உருவாக்கிப் பதிந்துவிட்டு, ஓப்பன்சீ மாதிரிச் சந்தையில் விலை போடுங்கள். கடை மூடினாலும் கான்ட்ராக்ட் உங்களுடையது.

கடை மூடும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் இரண்டாவது சொதப்பல் அதுதான். ஒரு சின்னத் தளத்தில் மூன்று படம் மின்ட் செய்தோம், எட்டு மாதத்தில் தளமே காணாமல் போனது, டோக்கன் பதிவேட்டில் இருக்கிறது, திறந்தால் வெள்ளைக் கட்டம். படக் கோப்பு அவர்கள் சர்வரில் மட்டும் இருந்திருக்கிறது. 2022-இல் எஃப்டிஎக்ஸ் என்கிற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது அங்கே மின்ட் செய்த டோக்கன்களுக்கும் இதே கதிதான், படம் இருக்க வேண்டிய இடத்தில் திவால் அறிவிப்புப் பக்கம் வந்து நின்றது. அதனால் கோப்பை ஐபிஎஃப்எஸ்ஸில் (ஒரே சர்வரை நம்பாமல் பல கம்ப்யூட்டர்களில் கோப்பை வைக்கும் முறை) போடுங்கள், முகவரி ஐபிஎஃப்எஸ் என்று ஆரம்பிக்கிறதா என்று மின்ட் செய்வதற்கு முன்னால் கண்ணால் பாருங்கள். அங்கேயும் யாராவது ஒருவர் பின் செய்து (அழியாமல் பிடித்து) வைத்திருக்கும் வரைதான் கோப்பு இருக்கும், பினாட்டா மாதிரி ஒன்றில் ஒரு பிரதி, வேறொரு சேவையில் இன்னொன்று என்று வையுங்கள்.

மின்ட் செய்த அன்றே இன்ஸ்டாகிராமில் செய்தி வரும். "ஹலோ டியர், ஐ லவ் யுவர் ஆர்ட்." ஒரு படத்துக்கு 2 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) தருகிறேன், ஐந்து படம் வேண்டும், ஆனால் நான் சொல்கிற இந்தத் தளத்தில்தான் மின்ட் செய்ய வேண்டும் என்பார்கள். அந்தத் தளம் மின்ட் கட்டணம் கேட்கும். கட்டினால் படம் உடனே "விற்றுவிடும்", உங்கள் கணக்கில் பத்து ஈதர் தெரியும், எடுக்கப் போனால் இன்னொரு கட்டணம் கேட்கும். வாங்குபவனும் தளமும் ஒரே ஆள். என் சித்தி பெண் பதினெட்டாயிரம் கட்டிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாள். வாங்குகிறவர் விற்கிறவரிடம் பணம் கேட்பது உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது, அந்த இடத்திலேயே பிளாக் செய்யுங்கள்.

ராயல்டி பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள், மறுபடி விற்கும்போதெல்லாம் ஓவியருக்குப் பத்து சதவீதம் தானாக வரும் என்று. வராது. 2023 ஆகஸ்டில் ஓப்பன்சீயே அதைக் கட்டாயமாக வசூலிப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. விகிதத்தைக் குறித்து வையுங்கள், வந்தால் சந்தோஷம். வேடிக்கை என்னவென்றால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவிலேயே, அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் ஓவியருக்குப் பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம் என்று பல வருடமாக இருக்கிறது. பெரியப்பா அதில் இதுவரை ஒரு பைசா பார்த்ததில்லை.

வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து (நம் டோக்கனும் இதில் அடக்கம்) கைமாறி வரும் வருமானத்துக்கு நேரடியாக 30 சதவீதம், அதோடு செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலையிலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. டோக்கனோடு பலகையும் சட்டப்படி செல்லும்படியாகக் கைமாறினால், அந்த டோக்கன் இந்த வகைக்குள் வராது என்று 2022 ஜூன் 30-இல் ஒரு அறிவிக்கை வந்திருக்கிறது. உங்கள் விற்பனை எதில் விழும், தானே உருவாக்கியவருக்குக் கணக்கு எப்படி என்பதை விலை போடுவதற்கு முன்னாலேயே ஒரு ஆடிட்டரிடம் காகிதத்தோடு போய்க் கேளுங்கள், விற்ற பிறகு போனால் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் கணக்கு வேண்டுமா? ஆறு போட்டதில் இரண்டு போனது. வந்த பணம் விளக்கு வாங்கின செலவுக்கும் வேட்டிக்கும் சரியாக இருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் பலகைக்கே ஆர்டர் கொடுத்தார்கள், அது நான் எதிர்பார்க்காதது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேறொருவர் ஃபோனில், உங்கள் வாலட் இல்லாமல், டோக்கனைத் திறந்து வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். பின் செய்த சேவையின் சந்தா முடிந்திருந்தால் அன்றைக்குத்தான் தெரியும். அந்த 12 சொற்கள் எழுதின காகிதத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டி, வீட்டில் இன்னொருவரிடமும் இடத்தைச் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அது பெரியம்மாவின் பீரோவில், ரேக்கு வாங்கின பில்களுக்கு அடியில் இருக்கிறது. கவர் மேல் பெரியப்பா தன் கையாலேயே "கிருஷ்ணர் சாவி" என்று எழுதியிருக்கிறார்.